ஒரே ஆர்வத்தைப் பிடித்துக்கொள்வதா, மாறி மாறிப் போவதா?

தக்கலை ரேடியோ

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றை எடுத்தால் அதிலேயே கரை காண வேண்டும், அகலக் கால் வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவன் நான். நடந்தது வேறு. பள்ளிக்கூட நாட்களில் ரேடியோ, வேலைக்குப் போனதும் கேமராவும் ஃபிலிம் கழுவும் இருட்டறையும், நாற்பதைத் தாண்டியதும் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்ப்பது, ஓய்வுக்கு அப்புறம் மறுபடி ரேடியோ, இந்த முறை கம்ப்யூட்டரோடு. ஒன்றில் கை பழகியதுதான் அடுத்ததற்கு மூலதனம் ஆனது என்பது என் கட்சி. இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலம். ஓஏ79 டையோடு ஒன்று, கம்பி சுற்றிய காயில், நிலையம் மாற்றத் திருகும் கேங் கண்டன்சர், ஹெட்போன். தென்னைக்குத் தென்னை ஏரியல் கட்டினால் பேட்டரியே இல்லாமல் திருவனந்தபுரம் நிலையம் காதில் விழும். அடுத்து ஏசி128 போட்ட டிரான்சிஸ்டர் செட். அதில் ஐஎஃப்டி என்ற சுருள் டப்பாக்களை 455 கிலோஹெர்ட்ஸுக்குச் சரி செய்வதுதான் பெரிய வித்தை. இரும்பு ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில் போனாலே அலைவரிசை நகர்ந்துவிடும். மூங்கிலைச் சீவி, முனையைத் தட்டையாக்கி, அதால் கால் சுற்று திருப்ப வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும், மறுபடி ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். 1984இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நம் நாகர்கோவிலில் வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு அது திருவிழா.

அந்தப் பொறுமையோடுதான் இருட்டறைக்குள் போனேன். ஃபிலிமில் படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர் கடையில் கிடைக்காத நாட்களில், டி-76 என்ற வகையை நாமே கலக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. நகைத் தராசில் நிறுத்துத்தான் போடுவேன். புத்தகமெல்லாம் 20 டிகிரி என்று சொல்லும். நம் குழாய்த் தண்ணீர் 25க்குக் கீழே வருவது அபூர்வம். சூடு ஏறினால் ஃபிலிமின் ஜெலட்டின் ஊறி இளகும், நகம் பட்டாலே உரியும். மண்பானைத் தண்ணீர் பங்குனி, சித்திரையில் கை கொடுக்கும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பானை அவ்வளவு குளிராது, வெளித்தொட்டியில் ஐஸ் போட வேண்டும். 20க்கு இறக்குவதை விட முக்கியம், டெவலப்பர், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் மூன்றும் ஒரே சூட்டில் இருப்பது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும்போது சூடு சட்டென மாறினால் படத்தின் மேல் வலைவலையாகச் சுருக்கம் விழும். 24 டிகிரியில் எல்லாவற்றையும் நிறுத்தி, நேரத்தைக் குறைத்துக்கொண்டால் அழகான நெகட்டிவ் வரும்.

1986இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பைனாகுலரில் பார்த்ததிலிருந்து சொந்தமாகத் தொலைநோக்கி செய்யும் ஆசை. ஆறு அங்குலக் கண்ணாடி, குவியத்தூரம் 48 அங்குலம். கார்போரண்டம் பொடியைக் கரடான 80ஆம் எண்ணில் தொடங்கி நைசான 600 வரை போட்டுத் தேய்த்தால் நடுவில் விழும் பள்ளம் 1.2 மில்லிமீட்டர்தான். அந்தப் பள்ளம் சரியான வளைவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பல்பும் ஒரு பிளேடும் போதும். கண்ணாடியிலிருந்து திரும்பும் பல்பு வெளிச்சத்தைப் பிளேடால் மறைத்தால் வளைவின் குறை நிழலாகத் தெரியும். இருட்டறையில் பழகிய கண்ணுக்கு அந்த நிழல்கள் உடனே பிடிபட்டன. ரேடியோவும் கேமராவும் எனக்கு வந்திருக்காவிட்டால் கண்ணாடி வந்திருக்காது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மார்த்தாண்டம் பெட்டிக்காரன்

அண்ணாச்சி, ஆசையாக வாசித்தேன். ஆனால் உங்கள் கட்சியில் நான் சேர மாட்டேன்.

தேனீ எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உண்டு. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்எம்சிஏ கிராமப் பணியோடு பரவிய வேலை இது. எங்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு பெரிய அறுவடை. ரப்பர் இலை உதிர்த்து, தை, மாசியில் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். பூவில் இல்லை, தளிரில். அந்தச் சில வாரங்களுக்குள் கூட்டம் பலமாக இருக்க வேண்டும், மழை வரக்கூடாது, ராணி இளசாக இருக்க வேண்டும். ஒரு பாடத்தைத் திரும்பப் படிக்க அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். நாலைந்து வருடத்தில் ஆர்வம் மாறிப் போகிறவர் நல்ல வருடங்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் வைரஸ் வந்தது நினைவிருக்கும். புழுக்கள் நீர் கட்டிய பை மாதிரி ஆகி அறைக்குள்ளேயே செத்தன. தோட்டம் தோட்டமாகப் பெட்டிகள் காலியாகின. புதுசாகப் பெட்டி வைத்துப் பார்த்தவர்கள் அப்போதே கைகழுவிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிழைத்து நின்ற கூட்டங்களைக் கண்டுபிடித்து, அவற்றிலிருந்தே பிரித்துப் பெருக்கியது போகாமல் இருந்தவர்கள். இன்று இந்த மாவட்டத்தில் தேன் இருப்பது அவர்களால். மூன்று ஆர்வம் உள்ளவருக்கு அந்த வருடங்களில் வேறு இரண்டு கதவு திறந்திருக்கும். அவர் ஏன் நிற்பார்?

முளகுமூடு நூல்காரி

தக்கலை அண்ணன், மார்த்தாண்டம் அண்ணன் இருவருக்கும் வணக்கம். நீங்கள் இருவருமே சாயங்காலம் தனக்கென்று இருந்தவர்களாகப் பேசுகிறீர்கள். என் வயதுப் பெண்களில் பலருக்கு எதைப் பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்யும் இடமே கிடைக்கவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது லேஸ் கற்றது துண்டுக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும் என்பதால். நம் மாவட்டத்து லேஸுக்கு வயது இருநூறு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மா 1820களில் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துத் தொடங்கியது. அடிமைப்பட்டிருந்த பெண்கள் அந்த வருமானத்தில் விடுதலை வாங்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்து நூல் பிடித்ததை நான் பெருமையாக நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கெட்டியாக அடைத்த தலையணை மேல் புள்ளி குத்திய அட்டை. புள்ளிக்கு ஒரு குண்டூசி. நூல் சுற்றிய பாபின்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கைக்கு இரண்டே அசைவு: ஒன்று குறுக்கே மாற்றுவது, ஒன்று முறுக்குவது. பூ, இலை, வலை எல்லாம் இந்த இரண்டின் வரிசைதான். ஊசி பித்தளையாக இருக்க வேண்டும், இரும்பு என்றால் நம் ஈரத்தில் துருவேறி வெள்ளை நூலில் கறை விழும். வேர்வைக் கையோடு தொடக்கூடாது, பக்கத்தில் எப்போதும் ஒரு துண்டு.

கல்யாணம், பிள்ளைகள், மாமியாருக்கு முடியாமல் போனது என்று இடையில் நீண்ட காலம் தலையணை பரண் மேல் இருந்தது. எடுத்தபோது கை மறக்கவில்லை. மகள் கம்ப்யூட்டரில் இங்க்ஸ்கேப் போட்டுக் கொடுத்தாள், காசு கட்ட வேண்டாத மென்பொருள். பழைய அட்டைகளை ஸ்கேன் பண்ணி, புள்ளிகளைச் சரி செய்து, அளவு மாறாமல் அச்செடுக்கப் படித்தேன். அப்புறம்தான் முதன்முதலாக என் சொந்த டிசைன் போட்டேன். சுசீந்திரம் கோபுரத்து அடுக்கு ஒன்று, நம் பிச்சிப்பூ ஒன்று. அதுவரை அடுத்தவர் குத்திய புள்ளியில்தான் ஊசி வைத்திருந்தேன். ஒரே கலைக்குள்ளேயே எனக்குப் பாதை மாறியது அந்தப் புதுக் கருவியால்தான். இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

நாரோயில் பையன்

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பரணில் அவங்க தலையணையும் இருக்கிறது.

நான் தக்கலை அண்ணாச்சி கட்சி. வேலை சாஃப்ட்வேர், ஆசை எலக்ட்ரானிக்ஸ். சித்தப்பா குலசேகரம் பக்கம் தேனீ வளர்க்கிறார். அவர் பெட்டிக்கு அடியில் எடை பார்க்கும் மேடை செய்தேன். எடையை உணரும் 50 கிலோ லோட் செல் நாலு, அதை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 போர்டு, இஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு சின்ன சோலார் தகடு. காலையில் தேனீக்கள் வெளியே போனதும் எடை குறைவதும், சாயங்காலம் ஏறுவதும் கோடாகத் தெரியும். ரப்பர் தளிர் விட்ட வாரங்களில் ஒவ்வொரு நாளும் கோடு மேலே ஏறிக்கொண்டே போனதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஜூனில் மழை பிடித்ததும் தேனே இல்லாத நேரத்தில் எடை கூடியது. பெட்டி மரம் தண்ணீரைக் குடிக்கிறது! வெயில் வந்தால் லோட் செல்லும் சூட்டுக்கு ஏற்ப நகர்கிறது. அதற்கு வழி, அதே மரத்தில் செய்த காலிப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் இன்னொரு மேடையில் வைத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான கணக்கு.

மார்த்தாண்டம் அண்ணனுக்கு ஒரு விஷயம். ஒருநாள் முற்பகலில் அரைக் கிலோவுக்கு மேல் ஒரே இறக்கமாக இறங்கியது. நான் வயரைச் சந்தேகப்பட்டேன். சித்தப்பா கோட்டைப் பார்த்ததுமே "கூட்டம் பிரிஞ்சு போயிருக்கு மக்கா" என்றார். போய்ப் பார்த்தால் பக்கத்துப் பலா மரக் கிளையில் கொத்தாகத் தொங்குகிறது. அந்த வரைபடத்தை வாசிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மார்த்தாண்டம் பெட்டிக்காரன்

தம்பி, அந்தக் காலிப் பெட்டி யோசனை அருமை, எனக்கும் ஒன்று வேண்டும். ஆனால் நீயே சொல்லிவிட்டாய், கோட்டை வாசித்தது சித்தப்பா. ஒரே வேலையில் கிடந்தவர்.

முளகுமூடு தங்கச்சி சொன்னதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. எங்கள் வீட்டிலும் அடை கீறுவது, தேன் வடிகட்டுவது, மெழுகு உருக்குவது எல்லாம் அம்மா. பெட்டிக்காரர் என்ற பேர் அப்பாவுக்கு.

சுசீந்திரம் உடுக்கை

வில்லுப்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் நேராக வில்லுக்கு முன் உட்கார யாரையும் விடமாட்டார்கள். முதலில் ஜால்ரா, அப்புறம் கட்டை, அப்புறம் குடம், அப்புறம் உடுக்கை. ஒவ்வொன்றிலும் மற்றவர்கள் பாட்டை எங்கே தாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டவன்தான் வில்லை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுக்கலாம். குடத்தில் இருந்தவனுக்குத் தெரியும் கதை எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று. ஆகவே எங்கள் கலைக்குள் மாறி மாறிப் போவதே படிப்பு. ஆனால் எல்லாம் ஒரே வில்லைச் சுற்றி. அண்ணாச்சியின் நாலு ஆர்வத்துக்கு நடுவில் அந்த வில் எது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

தக்கலை ரேடியோ

நல்ல கேள்வி. என் பதில்: சிறு திருத்தம். கால் சுற்று திருப்பிப் பார்ப்பது, ஒரு டிகிரி இறக்கிப் பார்ப்பது, கொஞ்சம் தேய்த்துவிட்டுப் பிளேடு வைத்துப் பார்ப்பது. கை செய்கிறது, கருவி என்ன ஆனது என்று சொல்கிறது, கை மறுபடி போகிறது. இது நாலிலும் ஒன்றுதான்.

மார்த்தாண்டம் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடியைப் பளபளப்பாக்க, தார் மாதிரியான பிட்ச் உருக்கி ஊற்றி ஒரு தட்டு செய்வோம், அதன் மேல் மெருகுப் பொடியான சீரியம் ஆக்சைடு தடவித் தேய்ப்பது. வெளிநாட்டுப் புத்தகத்தில் சொன்ன பிட்ச் நம் ஊர் மதியத்தில் நெய்போல இளகி ஓடும், தட்டில் வெட்டிய சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதில் ரோசின் என்ற மரப்பிசினை உருக்கிச் சேர்த்தால் இறுகும். அதிகமானால் உடையும், கண்ணாடியில் கீறலும் விழும். ஆகவே சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, விரல் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் மெதுவாகத் தடம் பதித்தால் பதம் சரி. உடையாமல் இருக்க அதில் கொஞ்சம் தேன்மெழுகு. அந்த மெழுகு உங்கள் ஊரிலிருந்து வந்ததுதான், உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவர் உருக்கி வடித்தது. என் கண்ணாடிக்குள் உங்கள் ஆழமும் இருக்கிறது.

இன்னொன்று, நாம் எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு ஆசிரியர். நம் அட்சரேகை 8 டிகிரிதான். துருவ நட்சத்திரம் அடிவானத்து மூட்டத்துக்குள் கிடக்கும், தென்னந்தோப்பு இருந்தால் அதுவும் இல்லை. தொலைநோக்கித் தாங்கியின் அச்சு அந்த நட்சத்திரத்தை நோக்க வேண்டும், ஆனால் கடையில் வாங்கும் பல தாங்கிகளின் அச்சு அவ்வளவு தாழ்வாகச் சாயாது. அயினிப் பலகையில் ஆப்பு அறுத்து அடியில் கொடுத்தேன். பதிலுக்குத் தெற்கு வானம் நமக்குத் தாராளம். சித்திரை, வைகாசியில் கடற்கரையில் நின்றால் தென்சிலுவை முழுதாகத் தெரியும். 2010 ஜனவரி 15இல், சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணத்தின் பாதை நம் மேலேயே போனது. அதை விட நீண்ட கங்கண கிரகணம் 3043 வரை இல்லை. நட்டநடு மதியத்தில் வெயில் நிறம் மாறி, தொலைநோக்கி வெள்ளை அட்டையில் போட்ட வளையத்தைத் தெருவே வந்து பார்த்தது.

தூத்தூர் கரை

அண்ணாச்சி, எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாள், எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆழ்கடலில் இருந்தவர்களைப் விஎச்எஃப் என்ற படகு ரேடியோ எட்டவில்லை. அன்றிலிருந்து என் தம்பிக்கு ரேடியோ மேல் வெறி, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். செயற்கைக்கோள் மேகப்படத்தை நேராக வீட்டிலேயே பிடிக்கலாமாமே, உண்மையா? சொந்தமாக ரேடியோவில் பேச ஹாம் லைசென்ஸ் அவன் வயதில் கிடைக்குமா?

தக்கலை ரேடியோ

தம்பி, இரண்டுக்கும் ஆம்.

மேகப்படம்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற யுஎஸ்பி ரிசீவர், ஒரு லேப்டாப், இரண்டு அலுமினியக் கம்பிகள். ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர், இடையில் 120 டிகிரி விரித்துப் படுக்கையாக, வடக்கு தெற்காக வைக்க வேண்டும். பழைய நோவா செயற்கைக்கோள்கள் 2025இல் ஓய்வு பெற்றுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியார் வகை 137.9 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, படம் இன்னும் தெளிவு. உங்கள் ஊர் உப்புக்காற்று இணைப்புகளைத் தின்றுவிடும், மூட்டில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். ஐப்பசி இடி நேரத்தில் வயரைக் கழற்றி வெளியே போட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அவன் பிடிக்கும் படம் கற்பதற்கு. கடலுக்குப் போவதா என்பதற்கு வானிலை மையத்தின் எச்சரிக்கைதான்.

லைசென்ஸ்: 12 வயது நிறைந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்குப் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறிகள் வேண்டாம், அழைப்புக்குறி VU3 என்று தொடங்கும் வகை, நாங்கள் வியூ3 என்போம். மேல்நிலையான ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் மோர்ஸ் தெரிய வேண்டும். ஓம் விதியிலிருந்து நானே சொல்லித் தருகிறேன், சனிக்கிழமை அனுப்பி வையுங்கள்.

சிற்றலை கேட்கத் தொடங்கினால் ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். இப்போது எல்இடி பல்பும் சார்ஜரும் போடும் இரைச்சல்தான் பெரிய எதிரி. கரண்ட் போகிற நேரத்தில் 31 மீட்டர் அலைவரிசை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அவனே கேட்கட்டும். அப்புறம் ஒவ்வொரு சார்ஜராகக் கழற்றிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

குவைத்தில் குமரி

முழு இழையையும் ஒரே மூச்சில் வாசித்தேன். அப்பா எடுத்த பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஊர் வீட்டில் ஒரு டப்பாவில் இருக்கின்றன. மாத்தூர் தொட்டிப்பாலம் வேலை நடந்தபோது எடுத்ததும் அதில் உண்டு. போன விடுமுறையில் திறந்தபோது காடி மாதிரி புளித்த வாசனை. என்ன செய்யலாம்?

தக்கலை ரேடியோ

உடனே செய்ய வேண்டியது. அந்த வாசனை அசிட்டிக் அமிலம். அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது வருவது, ஒன்றிலிருந்து மற்றதற்கும் பரவும். இன்றே வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி டப்பாவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வாசனை உள்ளதைத் தனியாகப் பிரித்து, பிளாஸ்டிக் உறையை விட்டுவிட்டு வெறும் காகித உறையில் போட வேண்டும். தண்ணீரில் கழுவ வேண்டாம்.

நீங்கள் வரும் வரை சாய்த்து வைக்காமல் தட்டையாக, உலர்ந்த அலமாரியில் இருக்கட்டும். வந்ததும் ஸ்கேனர் தேடி அலைய வேண்டாம். படம் வரைகிறவர்கள் வைத்திருக்கும் எல்இடி ஒளிப்பலகை மேல் நெகட்டிவை வைத்து, மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவை நேர் மேலே ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தால் போதும். பலகையின் புள்ளிகள் படத்தில் விழாமல் இருக்க நெகட்டிவை ஒரு விரல் உயரம் தூக்கிப் பிடியுங்கள். மங்கிய பக்கம் கேமராவைப் பார்த்து இருக்கட்டும், இடவலத்தைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம். அறை இருட்டாக இருக்க வேண்டும்.

தொட்டிப்பாலத்தை முதலில் எடுங்கள்.

நாரோயில் பையன்

அண்ணாச்சி, கேமரா ஸ்டாண்ட் என்னிடம் இருக்கிறது. குவைத் அண்ணன் ஊருக்கு வரும் தேதியைச் சொன்னால் ஒளிப்பலகையும் சேர்த்து வீட்டுக்கே கொண்டு வருகிறேன்.